ஒளியின் கோடு என்று நான் கீறிய கோடு

என் மாணவன் ஒருவனின் கைத்தொலைபேசிக்கு வந்த இரண்டு அழைப்புகளை நான் அழித்தேன். பிறகு, அழைப்பு எதுவும் வரவில்லை என்று அவனிடம் சொன்னேன். அதோடு நிற்காமல், அப்படி ஓர் அழைப்பு நேரத்துக்கு வந்திருக்கவே முடியாது என்று கரும்பலகையில் படம் கீறி நிறுவியும் காட்டினேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட கருவி, ஒளியையும் காலத்தையும் பற்றிய சார்புக் கொள்கை. நான் வாழ்நாளில் நேசித்தவற்றுள் அதற்கு முதலிடம் உண்டு. அதை வைத்துத்தான் இந்த வேலையைச் செய்தேன்.

மட்டக்களப்புப் பாடசாலைகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் சிலர், அண்மையில் நாவற்குடாவில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "சேர், எங்கட குகன் சேர் பாடம் நடக்கக்குள்ளயே போன் எடுக்கிறார். அதிபர் எவ்வளவு ஏசியும் விடுறாரில்ல. அவர் உங்கட ஸ்டூடன்ற் தானே, என்ன கதை அது?" இன்னொருவர், "ஏதும் பெரிய இடத்துப் போன் கோல் போல" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு என் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் இதை எழுதுவது அந்தக் கேள்விக்குப் பதிலாக. குகன் என்பது மாற்றிய பெயர். உங்களுக்கு ஆள் யாரென்று தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கதைக்குப் போகுமுன் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பணியில் சேர்ந்த புதிதில் எங்கள் பாடசாலையில் மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒருநாள் காலை பாடம் தொடங்குமுன் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கு முதல்நாள் பதிலாசிரியராகப் பாடம் எடுத்தவர் அவர். "நேற்று நான் சொன்னது பிழை. அந்தப் பக்கத்தை எடுங்க, வெட்டுங்க, பக்கத்தில 'சேர் சொன்னது பிழை' எண்டு எழுதுங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் எல்லோரும் வெட்டி முடியும்வரை நின்றார். இளமைத் திமிரில் நான் அவரிடம், "சேர், சும்மா விட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றேன். "அதால தான் வந்தன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர்களில் பிள்ளைகள் ஆசிரியரின் குறிப்பை எப்படி எழுதிக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தும்மினால் தும்மலையும் எழுதிக்கொள்வார்கள். எழுதியதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவர் பயந்தது அதற்கு. எனக்கு அது விளங்க வெகுகாலம் எடுத்தது.

*

அந்த மார்கழி ஞாயிறு காலை, வாவிப் பாலத்துக்கு டவுன் பக்கம், ஒரு வாடகை மண்டபத்தில் உயர்தரப் பரீட்சை மாணவருக்கு விடுமுறை வகுப்பு வைத்திருந்தேன். குகன் பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலோரம் இருந்த நாவலடியில் இருந்து சைக்கிளில் வருவான். தகப்பன் இல்லை. தாயும் ஒரு தங்கையும். அண்ணன் கட்டாரில். அந்த அண்ணன் அனுப்பிய கைத்தொலைபேசி அவனிடம் இருந்தது. அந்த வகுப்பில் அப்போது இருந்தது அந்த ஒரு போன் மட்டும்தான்.

என்னிடம் ஒரு விதி இருந்தது. போன் என் மேசையில் உள்ள சோக்குப் பெட்டிக்குள் சத்தமில்லாமல் கிடக்க வேண்டும். அன்றும் குகன் அதைக் கொண்டுவந்து வைத்தான்.

"கவனமா வையுங்க சேர், கட்டார் மாப்பிள்ளைக்குப் பொம்புள கோல் வரும்" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"உனக்கு உங்கட ஆடு கூடக் கோல் எடுக்காதுடா" என்றான் குகன். மண்டபம் சிரித்தது.

பாடம் ஒளிமுறிவு. பாதியில் குகன் எழுந்து, "சேர், கண்ணாடியில்லாம, தண்ணியில்லாம, வெறும் வெளியில ஒளி வளையுமா?" என்று கேட்டான். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. எனக்கு அதுபோல ஒரு கேள்வி போதும். பலகையை முழுதாகத் துடைத்துவிட்டுத் தொடங்கினேன். சூரியனுக்கு அருகால் வரும் நட்சத்திர ஒளி நம் கண்ணுக்கு வளைந்து வந்ததாகப் படுகிறது. உண்மையில் ஒளி வளைவதில்லை. தனக்குக் கிடைத்த மிக நேரான பாதையில்தான் அது போகிறது. சூரியனின் திணிவு காலவெளியையே வளைத்து வைத்திருக்கிறது. வளைந்த தரையில் நேராகப் போக முயல்பவனின் தடம்போல ஒளியின் தடமும் வளைகிறது. இதை விளங்கப்படுத்த ஒரு பெரிய படம் வேண்டும். நான் அந்தப் படத்தைத் தொடங்கியபோது பெட்டிக்குள் சோக்குகள் மெல்ல நடுங்கின.

முன்வரிசைக்கும் அது கேட்டிராது. நான் எட்டிப் பார்த்தேன். திரையில் 'மாமா' என்று இருந்தது. குகனின் தாய்மாமன் கல்முனைப் பக்கம் கரைவலைத் தொழில் செய்பவர் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மாமா மருமகனுக்கு எதற்கு எடுப்பார் என்று நான் யோசிக்கவில்லை. பாடம் குழம்பக் கூடாது என்று மட்டும்தான் யோசித்தேன். இல்லை, அதையும் சரியாகச் சொல்கிறேன். நான் குழம்பக் கூடாது என்று யோசித்தேன். அத்தனை முகங்கள் என்னைப் பார்த்தபடி இருந்தன. பொத்தானை அழுத்தி நடுக்கத்தை நிறுத்தினேன். கொஞ்சத்தில் மறுபடியும் நடுங்கியது. மறுபடியும் 'மாமா'. இந்தமுறை போனையே நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது அழைப்புக்கும் தெருவில் கூச்சல் எழுந்ததற்கும் இடையில் நான் சூரியனைக் கீறி, அதைச் சுற்றிப் போகும் ஒளியின் பாதையைக் கீறி, நட்சத்திரம் உண்மையில் எங்கே, நமக்குத் தெரிவது எங்கே என்று இரண்டு இடங்களையும் குறித்து முடித்திருந்தேன். அவ்வளவு நேரம் இருந்தது.

"கடல் வருது! கடல் ஊருக்குள்ள வருது!" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். குகன்தான் முதலில் சைக்கிளை எடுத்தான். பாலத்தில் எதிரே வந்த சனத்துக்குள் அவனால் சைக்கிளைத் தள்ளவும் முடியவில்லை என்று பிறகு அறிந்தேன். அவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது நாவலடி இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. தங்கை கிடைத்தாள். தாய் கிடைக்கவில்லை.

பின்னேரம் மண்டபத்துக்குத் திரும்பிப் போனேன். சோக்குப் பெட்டி மேசையில் அப்படியே இருந்தது. போனை இயக்கினேன். எடுக்கப்படாத அழைப்புகள் இரண்டு என்று காட்டியது. குகனின் வீட்டுக்கு அடுத்த வேலி ஒரு கொமினிகேசன், காசு கொடுத்துப் போன் பேசும் கடை. கட்டாரில் இருந்து மகன் எடுத்தால், கடைக்காரப் பெடியன் வேலிக்கு மேலால் "அக்கா, கோல்!" என்று கூப்பிடுவான், தாய் ஓடி வருவா என்று குகனே ஒருமுறை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறான். பெட்டிக்குள் கிடந்த இந்தப் போனிலிருந்து அந்த வேலிக்கு ஒரு குரல் போக நேரமே தேவையில்லை. இது அப்போதே என் தலைக்குள் வந்தது. வந்ததும் என் விரல் அந்த இரண்டு அழைப்புகளையும் அழித்தது.

அந்த மாமாவும் அன்றே போய்விட்டார். ஆகவே கேட்பதற்கு ஆள் இல்லை.

*

குகன் ஒரு பாடசாலையில் அகதியாக இருந்தான். வகுப்பறைக்குள் பாய்கள், மூட்டைகள், அழுது ஓய்ந்த பிள்ளைகள். போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மாமா எடுத்தாரா சேர்?"

"இல்ல மனே."

"கல்முனைப் பக்கம் கடல் கொஞ்சம் முந்தி அடிச்சதாம் சேர். மாமா கரையில தான் நிண்டிருப்பார். அவர் எனக்கு எடுக்காம விட்டிருக்க மாட்டார்."

"எடுக்கல்ல மனே. எடுக்க நேரம் இருந்திருக்காது."

அவன் நம்பவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனது கண் என் முகத்துக்கு வருமுன் நான் எழுந்து சுவரில் இருந்த பலகைக்குப் போனேன். ஆசிரியனுக்கு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம்.

நிலைக்குத்தாக ஒரு கோடு, அது நேரம். கிடையாக ஒரு கோடு, அது தூரம். ஒரு புள்ளி, கல்முனைப் பக்கம் கடல் ஏறிய நிகழ்வு. இன்னொரு புள்ளி, நாவலடியில் கடல் ஏறிய நிகழ்வு. முதற் புள்ளியிலிருந்து ஒளி போகும் சாய்கோடு. "இந்த உலகத்தில ஒளியை விட வேகமா எதுவும் போகாது. அது ஆருக்கும் ஒரே வேகம், நிண்டு பாத்தாலும் ஓடிப் பாத்தாலும். இந்தக் கோட்டுக்கு உள்ள இருக்கிறதுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். வெளிய இருக்கிறதுக்குப் போகாது. வெளிய இருக்கிற ரெண்டு நிகழ்வில எது முந்தி, எது பிந்தி எண்டு கேட்டா அதுக்குப் பொதுவான விடையே இல்ல. ஒருத்தருக்கு இது முந்தி. வேகமாப் போற இன்னொருத்தருக்கு அது முந்தி. நாவலடிப் புள்ளி வெளிய கிடக்கு, பாத்தியா? மாமாவால உனக்குச் சொல்லியிருக்க ஏலாது. உன்னால அறிஞ்சிருக்கவும் ஏலாது."

ஒளியைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு வசனமும் சரி. பிழை சொல்லில் இல்லை, கோட்டில் இருந்தது. அலையின் வேகத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகத்துக்குரிய சாய்வில் ஒரு கோட்டைக் கீறி, அதை ஒளியின் கோடு என்று சொன்னேன். அலையை முந்திக்கொண்டு எதுவும் வர முடியாது என்பதுபோல. உண்மையில் கல்முனையிலிருந்து நாவலடிக்கு ஒளி ஓட, கண் இமைக்கும் நேரத்தில் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத ஒரு சிறு பங்கு போதும். போனில் வருவதும் ஒளிதான், கண்ணுக்குத் தெரியாத ஒளி. அந்த ஒளி வந்து என் சோக்குகளைத் தட்டிவிட்டுப் போயிருந்தது.

குகன் வெகுநேரம் பலகையைப் பார்த்தான். பிறகு அவன் முகம் தளர்ந்தது. "அப்ப ஏலாது தான்" என்றான். பாயில் போய்ப் படுத்தான். அன்றுதான் அவன் நித்திரை கொண்டதாகப் பக்கத்துப் பாயில் இருந்த பெண் என்னிடம் நன்றி சொன்னா.

நல்லது செய்ததாக நானும் எண்ணிக்கொண்டேன். பிள்ளை நித்திரை கொண்டதே, பரீட்சை எழுதினானே, கம்பஸுக்குப் போனானே என்று. அவன் அன்று போன் எடுத்திருந்தால் சைக்கிளில் ஓடியிருப்பான், ஓடியிருந்தால் அவனும் தண்ணீருக்குள் போயிருப்பான், ஆகவே நான் அவனைக் காப்பாற்றியிருக்கிறேன் என்றும் ஒரு நியாயம் வைத்திருந்தேன். அந்த நியாயத்தில் நான் கொமினிகேசன் வேலியை ஒருபோதும் சேர்க்கவில்லை.

*

போர் முடிந்ததாக அறிவித்து அதிக நாள் ஆகவில்லை. நான் அப்போது வகுப்பறையை விட்டு ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். குகன் மூன்று வருடப் பட்டத்தை முடித்த கையோடு கிரானில் கற்பிக்கத் தொடங்கியிருந்தான். அவனது வகுப்பைப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை போனேன். யன்னலுக்கு வெளியே வயல் வட்டை பச்சையாகக் கிடந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் இனிக் காண்பீர்கள். ஆலோசகர் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பார். என்ன நடந்தாலும் பிள்ளைகளுக்கு முன்னால் வாய் திறக்கமாட்டார். சொல்ல வேண்டியதை ஆசிரியர் அறையில் தனியாகச் சொல்வார். ஆசிரியரின் மதிப்புக்காக உண்டான வழக்கம் அது. நல்ல வழக்கம். அத்தனை வருடத்தில் அதை நான் ஒரே ஒருமுறைதான் மீறினேன்.

பாடம் முடிகிற நேரம். கோகிலா என்ற பிள்ளை எழுந்தாள். வாகரைப் பக்கத்துக் குடும்பம், அந்தப் பகுதிச் சண்டையில் இடம்பெயர்ந்து கிரானில் உறவினர் வளவில் இருந்தார்கள்.

"சேர், நட்சத்திரத்தப் பாக்கக்குள்ள அது பழைய வெளிச்சம், இப்ப நட்சத்திரமே இருக்கோ தெரியாது எண்டீங்க. அப்ப ஒரு ஆளப் பத்தி வாற கதையும் அப்பிடித்தானே?"

"அவட அண்ணனப் பத்திக் கேக்கிறா சேர்" என்றான் ஒருவன். "வன்னியில நிண்டவர். வவுனியா ஆசுபத்திரியில கண்டதெண்டு ஒரு அக்கா வந்து சொல்லியிருக்கா."

"நீ பொத்து" என்றாள் கோகிலா. பிறகு குகனைப் பார்த்து, "நாளைக்கு வெள்ளனெ ஊராக்கள் வான் வண்டி பிடிச்சு வவுனியாவுக்குப் போறாங்க சேர். அம்மாவும் போக நிக்கிறா. நான் வேணாம் எண்டுட்டன். அந்த அக்கா கண்டு கன நாளாச்சு. போய்ப் பாத்து அங்க இல்லாட்டி அம்மா தாங்க மாட்டா" என்றாள்.

குகன் பலகைக்குத் திரும்பினான். நிலைக்குத்தாக ஒரு கோடு. கிடையாக ஒரு கோடு. இரண்டு புள்ளிகள். பிறகு அந்தச் சாய்கோடு, நான் கீறிய அதே சாய்வில்.

"இது நீங்க. அது அவர். இந்தக் கோட்டுக்கு வெளிய இருக்கிறத நாம அறிய ஏலாது புள்ள. அதுக்கு முன்னும் இல்ல, பின்னும் இல்ல. அறிய ஏலாததுக்கு நாம பொறுப்பும் இல்ல. மனசப் போட்டு உடைக்காதீங்க."

கோகிலாவின் முகம் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியை நான் முன்பு ஒரு முகத்தில் பார்த்திருந்தேன். அவள் உட்காரப் போனாள். அவள் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தாய் நாளைக்கு வான் வண்டியில் ஏறமாட்டா என்று எனக்குத் தெரிந்தது.

ஆசிரியர் அறைக்குப் போய்க் குகனிடம் சொல்லலாம். அவன் திங்கட்கிழமை வந்து பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லலாம். வான் சனிக்கிழமை போகிறது. நான் எழுந்தேன்.

"குகன், ஒரு நிமிசம்."

அவன் திரும்பிப் பார்த்தான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் நடந்து போய் அவன் கையிலிருந்த சோக்கை வாங்கினேன்.

"பிள்ளைகள், இந்தப் படத்தை முதல் முதல் கீறினது நான். உங்கட சேருக்குப் படிப்பிச்சதும் நான். இதில ஒரு கோடு பிழை. அது என்ர பிழை."

சாய்கோட்டை அழித்தேன். கிடைக்கோட்டோடு ஒட்டினாற்போல, ஏறக்குறையத் தரையிலேயே படுத்துக் கிடக்கிற ஒரு கோட்டைக் கீறினேன். "ஒளியின்ர கோடு இதுதான். வவுனியாவுக்கும் கிரானுக்கும் நடுவில ஒளிக்குத் தூரமே இல்ல. நட்சத்திரம் வேற, மனிசர் வேற. அந்த அக்கா கண்ட நேரம் இங்க, இந்தக் கோட்டுக்கு உள்ள, உங்களுக்குக் கீழ, கடந்த காலத்தில கிடக்கு. அதால தான் செய்தி வந்தது. உள்ள இருக்கிற ரெண்டு நிகழ்வுக்கு முன் எண்டா முன்தான், பின் எண்டா பின்தான். ஆர் எந்த வேகத்தில பறந்து பாத்தாலும் அத மாத்த ஏலாது. இனி உங்களுக்கு மேல, வரப்போற காலத்தப் பாருங்க. நீங்க இண்டைக்குச் செய்யிறது போய்ச் சேரக்கூடிய இடமெல்லாம் இது. வவுனியாவும் உள்ளதான் கிடக்கு."

கோகிலா நின்றபடியே இருந்தாள். "அப்ப அண்ணன் இருக்கிறானா சேர்?"

"அத இந்தப் படம் சொல்லாது மகள். போனா எட்டலாம் எண்டது மட்டும் தான் சொல்லும்."

மணி அடித்தது. பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. குகன்தான், "போங்க" என்றான்.

*

வராந்தாவில் அவன் என்னை மறித்தான்.

"பிள்ளையளுக்கு முன்னால இப்பிடிச் செய்யலாமா சேர்?"

"செய்யக் கூடாது தான்."

"அந்தக் கோடு பிழையெண்டு எனக்குத் தெரியாதெண்டா நினைச்சீங்க? கம்பஸுக்குப் போன முதல் வருசமே தெரியும்."

என் கையில் இன்னும் அவன் சோக்கு இருந்தது.

"அதக் கண்டுபிடிச்ச அண்டைக்கு நான் அழுதன் சேர். என்ர சேர், பிழையா ஒரு எழுத்து எழுதாத மனிசன், என்னப் படுக்க வைக்கிறதுக்காகப் பௌதிகத்தையே பொய்யாக் கீறியிருக்கிறார் எண்டு. அம்மா போன பிறகு எனக்காக ஒருத்தர் செய்த பெரிய காரியம் அதுதான். அதால தான் அத வச்சிருந்தன். அந்தப் பிள்ளைக்கும் அதத் தான் குடுத்தன்."

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தைப் பற்றித்தான். நான் காட்டியதாக அவன் நம்பிய ஓர் அன்பு அவனிடம் இருந்தது. அது பொய்யான அன்பு. ஆனாலும் அவன் அதில் சாய்ந்து நின்றான். உண்மையைச் சொன்னால் எனக்குப் பாரம் குறையும், அவனுக்குக் கூடும். அப்படிப்பட்ட உண்மையைச் சொல்லாமல் விடுவதுதான் தருமம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, அந்த எண்ணம் எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று கண்டேன். வகுப்பில் நான் திருத்தியது பாதிதான். கோட்டைத் திருத்தினேன். மறைத்த அழைப்பின் புள்ளியைத் திருத்தவில்லை.

"உனக்காகக் கீறல்ல மனே," என்றேன். "எனக்காகக் கீறினன். மாமா எடுத்தவர். பெட்டிக்குள்ள போன் அடிச்சது. நான் தான் நிப்பாட்டினன். பிறகு நான் தான் அழிச்சன்."

அவன் வட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எத்தின தரம்?"

"ரெண்டு தரம்."

"கடல் வர முந்தியா?"

"முந்தி."

"எவ்வளவு முந்தி?"

"சூரியனுக்குப் பக்கத்தால ஒளி போற படத்த முழுசாக் கீறி முடிக்கிற அளவு முந்தி."

அந்தப் படம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவன் கேட்ட கேள்விக்குத்தானே அதைக் கீறினேன். அவன் கண் மூடித் திறந்தது.

"கொமினிகேசனுக்கு ஒரு கோல் எடுத்திருப்பன் சேர்," என்றான். "அம்மா ஓடி வந்திருப்பா."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, ஏசவில்லை. வகுப்புக்குள் போனான். யன்னலால் பார்த்தேன். பலகையில் நான் கீறிய படத்தை அழிக்காமல் அதன் முன்னால் நின்றான். பிறகு வெளியே வந்து, என்னைத் தாண்டிப் போய், வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த கோகிலாவைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு வான் எங்கயிருந்து? அம்மாவ வெளிக்கிட்டு நிக்கச் சொல்லுங்க. நானும் வாறன்."

அவர்கள் தேடிப்போன ஆசுபத்திரியில் அந்த அண்ணன் இல்லை. வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கும் இல்லை. குகன் விடுமுறை எடுத்துக்கொண்டு அந்தத் தாயோடு இடம் இடமாகப் போனான். கடைசியில் ஒரு முகாமில், ஒரு கால் இல்லாமல், ஆள் இருந்தான். இப்போது ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். இதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. தேடியவன் குகன்.

என் பங்குக்கு நான் செய்தவை சொற்பம். கட்டாரில் இருந்து வந்த அவன் அண்ணனிடம் போய் அதே உண்மையைச் சொன்னேன். அவர் என்னை வளவுக்குள் எடுக்கவில்லை, வேலி வாசல் கடப்படியில் வைத்தே கேட்டுவிட்டு அனுப்பினார். ஆலோசகர் வேலையைத் தொடரும் தகுதி இல்லை என்று விட்டுவிட்டுத் திரும்ப வகுப்பறைக்குப் போய் ஓய்வு பெறும்வரை கற்பித்தேன். ஒளி பற்றிய பாடம் வரும்போதெல்லாம் பிழையான படத்தையும் சரியான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கீறி, பிழையான படத்தின் கீழ் 'சேர் கீறியது' என்று எழுதவைத்தேன். குகனுக்கு அடிக்கடி போன் எடுத்தேன். அவன் எடுக்கவில்லை.

ஆனால் மற்ற எல்லோருக்கும் எடுத்தான். அந்த வருடம் தொடங்கிய பழக்கம்தான் நீங்கள் சிரித்த பழக்கம். தன் இலக்கத்தை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் கொடுத்திருக்கிறான். மேசையில் சோக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் போன் சத்தத்தோடு கிடக்கும். அடித்தால், சமன்பாட்டின் நடுவில் நின்றாலும் எடுப்பான். பெரும்பாலும் ஒன்றுமில்லாத அழைப்புகள். குடை விட்டுட்டுப் போயிட்டான் சேர், பின்னேரம் அம்மம்மா வீட்ட வரச் சொல்லுங்க சேர். அதிபர் ஏசுவார். குகன், "ஓம் சேர்" என்பான். அடுத்த அழைப்பையும் எடுப்பான்.

நீங்கள் வந்துபோன பிறகு, இதை எழுத அவனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று தோன்றியது. எடுக்கமாட்டான் என்று தெரிந்தும் அடித்தேன். பாடசாலை நேரம் என்பதைக்கூட மறந்துவிட்டேன்.

"சொல்லுங்க சேர். பாடத்தில நிக்கிறன்."

இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். பின்னால் பிள்ளைகளின் சலசலப்பு. நான் தடுமாறித் தடுமாறி விசயத்தைச் சொன்னேன். புதிய ஆசிரியர்களுக்கு எழுதப்போகிறேன், எல்லாவற்றையும், பெட்டியையும், படத்தையும். எங்கோ ஒரு பிள்ளை, "சேர், இத எழுதுறதா வேணாமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"எழுதுங்க," என்றான். பிள்ளைக்குச் சொன்னானா எனக்குச் சொன்னானா என்று தெரியாமல் காத்துநின்றேன்.

"உங்களுக்குத்தான் சேர். எழுதுங்க. என்ர பேர மாத்துங்க." கொஞ்சம் பொறுத்து, "கோட்டச் சரியாக் கீறுங்க" என்றான்.